நாலாம் காட்சியை வெட்டச் சொன்னார்கள்

"உந்த நாலாம் காட்சியை மட்டும் எடுத்துப்போடுங்கோ, தங்கச்சி. மற்றதெல்லாம் திறமா இருக்கு."

சபேசன் அண்ணை இதைச் சொன்னபோது அவர் கையில் பாதி கடித்த மீன் ரோல் இருந்தது. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் எங்கள் சங்கத்துக்கு ஓர் அறை உண்டு. கலைவிழாக் குழு அங்கேதான் கூடியிருந்தது. வெளியே ஈரப்பனி. வாசலில் கழற்றிவிட்ட சப்பாத்துகளிலிருந்து தண்ணீர் வடிந்து கம்பளத்தில் பரவிக்கொண்டிருந்தது. ஹீற்றர் சூட்டில் ஈரக் காலுறை மணமும் ரோல் மணமும் ஒன்றாக வந்தன.

நான் அந்த நாடகத்தைத் தமிழாக்கியவள். எழுதியவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். பெயர் தவொங்கா. மலாவி நாட்டுக்காரி, அறுபதைத் தாண்டியவர். அறையில் நடந்த பேச்சு முழுவதும் தமிழில். அவர் பால் விடாத பிளேன்ரீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் என்ன சொல்லுறார்?" என்று என்னிடம் கேட்டார்.

நாலாம் காட்சி வேண்டாமாம் என்று சொன்னேன்.

தவொங்கா சிரித்தார். வாய்க்குள் அடக்கிய சிரிப்பு அல்ல, சுவரில் பட்டுத் திரும்பும் சிரிப்பு. சபேசன் அண்ணை ரோலைத் தட்டில் வைத்துவிட்டார்.

"இவருக்கு எங்கட ஊரில ஒரு தமையன் இருக்கிறாரோ எண்டு கேள். அங்கையும் ஒரு ஆள் இதே காட்சியைத்தான் வெட்டச் சொன்னவர்."

தவொங்கா பேசுவது ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் பேச்சு என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

விமானச் சாப்பாடு

மிசிசாகாவில், விமான நிலையத்துக்கு அருகில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் தொழிற்சாலை ஒன்றில் நான் பல வருடங்கள் வேலை செய்தேன். ஓடும் பட்டியில் தட்டுகள் வரும். நான் பாணும் பட்டரும் வைப்பேன். எனக்கு அடுத்து நின்று சலாட் வைத்தவர் தவொங்கா. அந்த அறையை எப்போதும் குளிராகவே வைத்திருப்பார்கள். இரண்டு சுவெற்றருக்கு மேல் வெள்ளை அங்கி, தலையில் வலை. அந்தக் கோலத்தில் யார் எந்த நாடு என்று ஒருவருக்கும் தெரியாது.

அவரும் நானும் மோர்னிங்சைட்டில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருந்தோம். என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதிகாலையில் நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் மேற்கே ஓடும்போது பக்கத்து இருக்கையில் அவர் இருப்பார். முதல் சில மாதங்கள் வானிலையைப் பற்றித்தான் பேசினோம்.

எங்களைச் சேர்த்து வைத்தது கருவாடு. ஒரு சனிக்கிழமை அவரை எங்கள் தமிழ்க் கடைக்குக் கூட்டிப்போனேன். நெத்தலிக் கருவாட்டுப் பெட்டிக்கு முன்னால் நின்றவர், ஒன்றை எடுத்து அப்படியே வாயில் போட்டு மென்றார். கடைக்காரத் தம்பி ஓடி வந்தான்.

"அக்கா, உவா என்ன செய்யிறா? உது சமைக்காமச் சாப்பிடுறேல்ல!"

தவொங்கா அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர்களுடைய ஏரியில் உசிபா என்று ஒரு சின்ன மீன் இருக்கிறதாம். பிடித்தவுடன் கரையில் பரப்பி வெயிலில் காயவிடுவார்களாம். "ருசி கொஞ்சம் உப்புக் கூட. மற்றபடி இவன்தான் அவன்" என்றார்.

அவர் பாவாடை உடுத்து நான் ஒருநாளும் கண்டதில்லை. கோயிலுக்கு என்னோடு வந்தபோதும் காற்சட்டைதான். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். சுதந்திரம் அடைந்த மலாவியில் பெண்கள் காற்சட்டை போடக்கூடாது என்று சட்டம் இருந்ததாம். தன்னைச் சாகும்வரை ஜனாதிபதி என்று அறிவித்துக்கொண்ட மனிதரின் சட்டம். "அதுதான் போடுறன். குளிருக்கில்லை" என்றார்.

வானொலியில் இல்லாமல் போன மொழி

தவொங்காவின் தாய்மொழி தும்புகா. நாட்டின் வடக்கில் பேசுவார்கள்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், மேல்வகுப்புகளில் தும்புகாவில் பேசினால் அடி; ஆனால் சின்ன வகுப்புகளிலும் வானொலியிலும் அது இருந்தது. பிறகு வெள்ளைக்காரன் போனான். ஊர் முழுவதும் ஆடிப் பாடியது. தவொங்காவின் தகப்பன் அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய் வந்தவர். தோளில் மகளைத் தூக்கி வைத்துப் புதிய கொடியைக் காட்டினாராம்.

சில வருடங்கள்தான். நாட்டுக்கு ஒரே மொழி போதும் என்றார்கள். தெற்கிலும் நடுவிலும் பேசும் சிச்சேவா தேசிய மொழி ஆனது. தும்புகா பள்ளிக்கூடத்திலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் வானொலியிலிருந்தும் போனது. ஒருநாள் வரை பேசிக்கொண்டிருந்த வானொலி, மறுநாள் பேசவில்லை.

"நாங்கள் பழுதாப்போச்சு எண்டு நினைச்சு ரேடியோவைத் தட்டினோம்" என்றார் தவொங்கா. அவர் அப்போது பள்ளிக்கூடச் சிறுமி.

காரில் இதைக் கேட்டபோது நான் நெடுஞ்சாலையிலிருந்து இறங்க வேண்டிய வாசலைத் தவறவிட்டு, எங்கோ போய்த் திரும்பி வேலைக்குப் பிந்தினேன். மொழியை ஒரு சட்டத்தால் தள்ளி வைப்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை; எங்கள் நாட்டில் தமிழுக்கும் அது நடந்தது. ஆனால் அவர்களைத் தள்ளியது அந்நியன் அல்ல, அதே போராட்டத்தில் தோளோடு தோள் நின்றவர்கள். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழவில்லை. நான்தான் சுற்றுமுற்றும் பார்த்தேன், ஓடுகிற காருக்குள் இருந்துகொண்டு.

வளர்ந்து ஆசிரியையாகி அவர் எழுதிய நாடகம்தான் 'அந்திச் செய்தி'. வானொலியில் தும்புகாச் செய்தி வாசித்த ஒரு பெண், வேலை போன பிறகும், தினமும் செய்தி நேரத்துக்கு வீட்டு முற்றத்தில் வந்து அமர்ந்து ஊர்ச் செய்தியை உரக்க வாசிக்கிறாள். யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருடைய ஆடு தொலைந்தது, யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சனம் கூடுகிறது.

நாலாம் காட்சியில் கட்சி அதிகாரி ஒருவன் வருகிறான். வெள்ளைக்காரனின் சிறையில் அவளுடைய கணவனோடு ஒரே அறையில் கிடந்தவன். நிறுத்து என்கிறான். அவள் சொல்லும் பதில் இது:

"வெள்ளைக்காரன் எங்களைச் சிறையில் போட்டான். ஆனால் அழுவதை எங்கள் மொழியில் அழ விட்டான். நீ அதையும் கேட்கிறாய்."

ஒரு பள்ளிக்கூட மரத்தடியில் இந்த நாடகம் ஒரே ஒரு தடவை நடந்தது. அதற்கு முதல் ஓர் அதிகாரி வந்து அந்தக் காட்சியை எடுத்துவிடச் சொன்னார். தவொங்கா எடுக்கவில்லை. விசாரணை இல்லாமல் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தார். வெளியே வந்ததும் எல்லை கடந்து ஸாம்பியா போய், அங்கிருந்து இங்கே வந்தார். பிரதி எதுவும் கையில் இல்லை. முழு நாடகமும் மனப்பாடம்.

உரத்துச் சொல்லும் சொல்

தமிழாக்கம் முழுவதும் காரில் நடந்தது. அவர் ஒரு வரியை முதலில் தும்புகாவில் சொல்வார், ஓசை கேட்கட்டும் என்று. பிறகு ஆங்கிலத்தில். நான் வண்டி ஓட்டியபடியே தமிழில் சொல்லிப் பார்ப்பேன். தமிழ் விளங்காவிட்டாலும், "நீளமாப் போச்சு, அவளுக்கு மூச்சு வாங்கும்" என்று திருத்துவார். வேலை இடைவேளையில் சாப்பாட்டு மேசையில் எழுதிக்கொள்வேன்.

ஒரு சொல்லில் சிக்கினேன். நாட்டை மீட்டவர்கள் என்று அதிகாரி பெருமையாகச் சொல்லும் இடம். விடுதலை வீரர் என்று போட்டேன்.

"உங்கட ஆக்கள் அந்தச் சொல்லை மெதுவாச் சொல்லுவினமோ, உரத்துச் சொல்லுவினமோ?"

"உரத்துத்தான்."

"அப்ப அதுதான் சரியான சொல்லு."

இதற்கிடையில் நகரத்தின் மையத்தில் நடக்கும் ஒரு கலைத் திருவிழாவுக்கு நாடகத்தை அனுப்பிப் பார்த்தோம். அழகாகப் பேசும் இளம் பெண் ஒருத்தி எங்களைக் கூப்பிட்டாள். நாடகம் வேண்டாம், பத்து நிமிடம் போதும், கூடவே மேளம் இருந்தால் நல்லது என்றாள்.

தவொங்கா அவளிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "எங்கட ஊரில சுகமில்லாத ஆளைச் சுகமாக்கத்தான் அப்பிடி மேளம் அடிக்கிறது, பிள்ளை. இங்க ஆருக்குச் சுகமில்லை?"

நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். கீழே ரயிலடியில் நின்று வயிறு நோகச் சிரித்தோம். மேளத்தோடு வந்தால் ஆபிரிக்கா, கண்ணீரோடு வந்தால் அகதி. யோசனையோடு வந்தால் எங்களுக்கு அங்கே நாற்காலி இல்லை. சரி, எங்கள் சனத்திடமே போவோம் என்று நான்தான் சொன்னேன். எங்கள் பகுதிப் பெண்கள் நாலைந்து பேரோடு எனக்கு ஒரு நாடகக் குழு இருந்தது. சங்கமும் கலைவிழாவில் இடம் தருவதாக ஒத்துக்கொண்டது.

அப்படித்தான் அந்த ஈரப்பனி நாளில் அந்த அறைக்கு வந்து சேர்ந்தோம்.

வயிற்றைக் கலக்கும் மலாவி

சபேசன் அண்ணை கெட்ட மனிதர் அல்ல. எனக்கு முதல் குளிர்ச் சட்டை வாங்கித் தந்தவர் அவருடைய மனைவி. செத்தவீடு என்றால் முதல் ஆளாக நிற்பார். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

"அண்ணை, இது மலாவிக் கதை" என்றேன்.

"மலாவிக் கதையெண்டா எனக்கேன் வயித்தைக் கலக்குது?"

அவர் வாயிலிருந்து உண்மை வந்து விழுந்துவிட்டது. அவருக்கே அது தெரிந்தது. குரலை மாற்றினார்.

"தங்கச்சி, எங்கட சனம் இழந்தது கொஞ்சநஞ்சமே? இப்ப போய் விடுதலை வீரர் வந்து சொந்தச் சனத்தின்ர வாயைப் பொத்துறான் எண்டு மேடையில காட்டினா, பாக்கிறவை என்னத்தை நினைப்பினம்? அதுக்கு இது நேரமே?"

"எப்ப நேரம் வரும் அண்ணை?"

அறையின் மூலையிலிருந்து இன்னொருவர் சொன்னார், எங்கள் விழாவில் இவர்களுக்கு என்ன வேலை என்று. 'இவர்கள்' என்பதற்குப் பதிலாக, கறுப்பு மனிதர்களுக்கு எங்கள் ஊரில் வழங்கும் ஓர் இழிசொல்லைப் போட்டார். அதை நான் தவொங்காவுக்கும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை.

"அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை. எல்லா மொழியிலயும் அது ஒரே சத்தம்தான்" என்றார் தவொங்கா. கோப்பையை மேசையில் வைத்தார். "நாலாம் காட்சி இல்லாட்டி நாடகம் இல்லை எண்டு சொல்லு. கோபமாச் சொல்லாதை. நேரம் சொல்லுற மாதிரிச் சொல்லு."

சொன்னேன். அவரும் நானும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியிறங்கினோம். நான் இருபது வருடமாகப் போய் வந்த அறை அது.

சங்கம் தருவதாயிருந்த மண்டபம் போனது. அடுத்த கிழமை ஜெயந்தியும் போனாள். எங்கள் நாடகக் குழுப் பெண்; அதிகாரி வேடம் அவளுக்குத்தான். கணவர் வீடு விற்பனை முகவர், சங்கத்து ஆட்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள்.

"அக்கா, எனக்கு விருப்பம்தான். ஆனா அவர் ஒரு மாதிரி இருக்கிறார். என்னை விட்டுடுங்கோ" என்று தொலைபேசியில் அழுதாள். அவளிடம் எனக்குக் கோபம் இல்லை. காட்சியை வெட்டும் கத்தரிக்கோல் பல கைகளில் இருக்கும்.

"இப்ப என்ன செய்யிறது? அதிகாரி இல்லை" என்றேன் தவொங்காவிடம்.

"நான் இருக்கிறன்."

"நீங்கள் எப்பிடி? தமிழ்?"

"அவன் தும்புகாவிலதான் கதைச்சவன். அவனுக்கும் அதுதான் தாய்மொழி. அதுதானே கொடுமை."

பார்ட்டி ரூம்

தவொங்காவின் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பிறந்தநாள் விழாவுக்கு வாடகைக்கு விடும் பார்ட்டி ரூம் ஒன்று உண்டு. ஒரு ஞாயிறு பின்னேரம் அதை எடுத்தோம். சுவரில் யாரோ ஒட்டிய பலூன் துண்டுகள் இன்னும் இருந்தன. சங்கத்து ஆட்கள் யாரும் போக வேண்டாம் என்று வட்ஸ்அப்பில் செய்தி சுற்றியது. அதனால் சும்மா இருந்த சிலரும் என்னவென்று பார்க்க வந்தார்கள். கதிரைகள் பாதிக்கு மேல் நிரம்பின.

முன் வரிசையில் மட்டக்களப்புப் பக்கத்து அக்கா ஒருவர் வந்து அமர்ந்தார். அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருப்பவர். பெயர் பூமணி. கையில் பரிசுப் பை.

"ஆர்ட புள்ளைக்குப் பிறந்தநாள்?" என்று என்னைக் கேட்டார். நாடகம் என்றேன். "சரி, வந்தது வந்தாச்சு" என்று பையை மடியில் வைத்துக்கொண்டார்.

செய்தி வாசிக்கும் பெண் நான். மூன்று காட்சிகள் போயின. ஆடு தொலைந்த இடத்தில் நன்றாகச் சிரித்தார்கள்.

நாலாம் காட்சி. தவொங்கா உள்ளே வந்தார். தொப்பி இல்லை, தடி இல்லை, ஒரு சாதாரண மேற்சட்டை. கத்தவும் இல்லை. தும்புகாவில், தங்கையிடம் பேசுவதுபோல, மெல்லப் பேசினார். நான் தமிழில் பதில் சொன்னேன். அவர் என்ன சொல்கிறார் என்று சபையில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பின்வரிசையில் இருமிக்கொண்டிருந்தவர் இருமலை நிறுத்தினார். "நீ அதையும் கேட்கிறாய்" என்று நான் சொன்னபோது தவொங்காவின் முகம் ஒரு கணம் தவொங்காவின் முகமாக இருக்கவில்லை. தன்னை உள்ளே போட்டவனை அவர் அவ்வளவு கிட்டத்தில் பார்த்து வைத்திருந்தார்.

நாடகத்தின் கடைசியில் அந்தப் பெண்ணைக் கொண்டுபோய்விடுவார்கள். வெறும் நாற்காலி மட்டும் இருக்கும். சபையிலிருந்து யாராவது எழுந்து ஒரு செய்தி சொல்ல வேண்டும். சொல்லும்வரை நாடகம் முடியாது. தவொங்கா அப்படித்தான் கட்டியிருந்தார்; தொடக்கத்திலேயே அதைச் சபைக்குச் சொல்லியிருந்தோம்.

நாங்கள் ஓரத்தில் நின்றோம். ஒருவரும் அசையவில்லை.

பிறகு ஒரு மனிதர் எழுந்து, "செய்தி. இந்த பில்டிங்கில எலிவேற்றர் வேலை செய்யேல்லை" என்றார். சபை வெடித்துச் சிரித்தது. ஒரு பெண் தன் மகளுக்குத் தாதி வேலை கிடைத்ததைச் சொன்னாள். கைதட்டினார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பூமணி அக்கா எழுந்தார். பரிசுப் பையைக் கதிரையில் வைத்தார்.

"எனக்கும் ஒரு செய்தி இருக்கு. என்ட தம்பிட பேர் ரவீந்திரன். பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவன். அவனை வீட்ட வந்து கூட்டிப் போனாங்க. ஆமிக்காரன் இல்ல. எங்கட இயக்கப் பொடியனுகள்தான். என்னத்துக்கெண்டு இண்டைவரைக்கும் தெரியா. அம்மா சாகிற வரைக்கும் வெளியில சொல்லாத எண்டவ. சொல்லல்ல. இப்ப சொல்லிட்டன்."

அமரவில்லை. சுற்றிப் பார்த்தார், யாராவது தன்னை நிறுத்துவார்களா என்று. யாரும் நிறுத்தவில்லை. பின்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார். கதவு சாத்திய சத்தத்துக்கும் பூமணி அக்கா அமரவில்லை.

"ரவீந்திரன்" என்றார் இன்னொரு முறை.

என்ன சொன்னார் என்று தவொங்கா என்னைக் கேட்கவில்லை. நேரே போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

புதிய அதிகாரி

சில நாட்களில் சபேசன் அண்ணை தொலைபேசி எடுத்தார். கூட்டம் வந்ததைக் கேள்விப்பட்டிருந்தார்.

"தங்கச்சி, வைகாசியில ஒரு நிகழ்ச்சி இருக்கு. நாடகத்தைத் தரலாமே?"

"நாலாம் காட்சியோடயா அண்ணை?"

"அதைக் கொஞ்சம் சுருக்கி..."

"பாக்க வந்தவையும் சேந்து அதை இன்னும் நீட்டிப்போட்டினம் அண்ணை."

அவர் பெருமூச்சு விட்டார். வைக்கும்போது, "கவனமா இருங்கோ" என்றார். அது மிரட்டலா அக்கறையா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. யூனியன்வில்லில் ஒரு குடும்பம் தங்கள் வீட்டு நிலவறையைத் தருவதாகச் சொல்லியிருந்தது. ஒத்திகைக்கு நாள் குறித்தோம்.

அந்த ஒத்திகைக்கு யாரும் கூப்பிடாமலே பூமணி அக்கா வந்தார். சேலைக்கு மேல் போட்டிருந்த தடித்த கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார்.

"அந்த அதிகாரி வேசத்தை எனக்குத் தாங்க" என்றார்.

"அக்கா, அது கஷ்டமான பாத்திரம்."

"அந்த அம்மா பேசின பாசை எனக்கு விளங்கல்ல, புள்ள. ஆனா அந்த ஆளை எனக்குத் தெரியும். அவ மெதுவாப் பேசினா பாருங்க, அப்பவே கண்டுட்டன். ஆனா ஒண்டு விட்டுட்டா. அவங்க வந்தவுடன விசயத்தைச் சொல்லமாட்டாங்க. முதல்ல தண்ணி கேட்பாங்க. நாமதான் உள்ள போய் எடுத்துக் குடுப்பம்."

நான் தவொங்காவுக்குச் சொன்னேன்.

"அவனும் தண்ணிதான் கேட்டவன். எழுத மனம் வராமல் விட்டனான்." பிறகு தன் மேற்சட்டையைக் கழற்றிப் பூமணி அக்காவிடம் நீட்டினார். "எழுது. சேர்த்துக்கொள்."

நான் நாற்காலியில் அமர்ந்து செய்தியைத் தொடங்கினேன். பூமணி அக்கா வாசலுக்குப் போய், திரும்பி, மேற்சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

"தங்கச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவீங்களா?"

அந்தக் குரலுக்கு என் உடம்பு தானாக எழுந்துவிட்டது. உள்ளே போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்க அது புறப்பட்டே விட்டது.

நான் அதை மறுபடி நாற்காலியில் அமர்த்தினேன். அவருடைய முகத்தை நேராகப் பார்த்தபடி, அடுத்த செய்தியை வாசித்தேன்.